ஸ்வீட் டீ: அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் இனிப்பு ஐஸ் தேநீர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களுக்கு வேலைக்காகவோ படிப்பதற்காகவோ பிள்ளைகளைப் பார்ப்பதற்காகவோ வருகிற தமிழர்கள் முதல் வாரத்திலேயே வியந்து கேட்பவற்றுள் ஒன்று, இங்கே எந்த உணவகத்துக்குப் போனாலும் மேசைக்கு வந்து நிற்கும் அந்தப் பெரிய தம்ளர் ஐஸ் தேநீரைப் பற்றியது. அப்படிக் கேட்கப்பட்டவற்றைத் தொகுத்து, விடைகளோடு இங்கே தந்திருக்கிறேன்.

ஸ்வீட் டீ என்பது என்ன? மற்ற ஐஸ் டீயிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

கறுப்புத் தேயிலையைக் கொதிநீரில் ஊறவைத்து, அந்தச் சாறு சூடாக இருக்கும்போதே சர்க்கரையைக் கொட்டிக் கரைத்து, பிறகு பச்சைத் தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்து, குளிரவைத்து, தம்ளர் நிறைய ஐஸ் கட்டிகளைப் போட்டு அதன் மேல் ஊற்றிக் குடிப்பதே ஸ்வீட் டீ. பாலும் ஏலக்காயும் இஞ்சியும் இதில் கிடையாது. எலுமிச்சைத் துண்டு ஒன்று விளிம்பில் செருகப்பட்டிருக்கலாம். இலங்கைத் தமிழர் பிளேன்டீ என்று சொல்வதைச் சர்க்கரை தூக்கலாகப் போட்டு, நீர்க்கவிட்டு, குளிரவைத்தால் ஏறக்குறைய இந்தச் சுவைக்கு வந்துவிடும்.

வேறுபாடு சர்க்கரையின் அளவில் மட்டும் இல்லை. அது எப்போது சேர்கிறது என்பதிலும் இருக்கிறது. அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் ஐஸ் டீ இனிப்பில்லாமல் வரும். வேண்டுபவர் மேசையில் இருக்கும் சர்க்கரைப் பொட்டலத்தைக் கிழித்துப் போட்டுக்கொள்வார். தெற்கில் இனிப்பு என்பது குடிப்பவர் முடிவு செய்வதன்று, காய்ச்சியவர் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது.

உணவகத்தில் வெறுமனே ‘டீ’ என்று கேட்டால் என்ன வரும்?

ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, தெற்கு கரோலினா, வடக்கு கரோலினா, டென்னசி ஆகிய மாநிலங்களின் சிறு நகரங்களில் ‘டீ’ என்றால் குளிர்ந்த, இனித்த தேநீர்தான். ஆவி பறக்கும் தேநீர் வேண்டுமென்றால் ‘ஹாட் டீ’ என்று தனியே சொல்ல வேண்டும். சொன்னாலும், வெந்நீர்க் கோப்பையும் ஒரு டீ பேக்கும் தட்டில் வந்து சேரும், அவ்வளவுதான். பரிமாறுபவர் ‘ஸ்வீட்டா, அன்ஸ்வீட்டா?’ என்று கேட்பார். அன்ஸ்வீட் என்பது இனிப்பை எடுத்துவிட்டது போல ஒலித்தாலும், இனிப்பே சேர்க்காதது என்றுதான் பொருள். இனிப்பதுதான் இயல்பு, இனிக்காததற்குத்தான் தனிப் பெயர் வேண்டும் என்கிற இந்த ஊர் மனநிலை அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது.

தம்ளர் பாதியாகும் முன்பே கூஜாவோடு ஒருவர் வந்து மறுபடி நிரப்பிவிட்டுப் போவார். அதற்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் கிடையாது. போதும் என்றால் தம்ளரின் வாயைக் கையால் மூடிக் காட்டலாம். பந்தியில் இலைமேல் கை மறித்துச் சாம்பாரைத் தடுப்பது போலத்தான்.

குளிர்ந்த பிறகு சர்க்கரை போட்டால் ஆகாதா?

ஆகும், ஆனால் அது ஸ்வீட் டீ ஆகாது என்பார்கள் இங்குள்ளவர்கள். வேதியியல்படி பார்த்தால், குளிர்ந்த நீரிலும் தம்ளருக்கு வேண்டிய சர்க்கரை கரையத்தான் செய்யும். சிக்கல் அளவில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. ஐஸ் மிதக்கும் தேநீரில் போட்ட சர்க்கரை அடியில் மணலாகப் படிந்து, எவ்வளவு கலக்கினாலும் கிறுகிறுவென்று கண்ணாடியில் உரசிக்கொண்டே இருக்கும். முதல் மிடறு கசந்தும் கடைசி மிடறு பாகாகவும் இருக்கும். பழைய வீடுகளில் ஐஸ் டீக்கென்றே நீளக் காம்புக் கரண்டிகள் வைத்திருந்தது இந்தத் தொல்லையால்தான். சூடான சாற்றிலோ இரண்டு மூன்று சுற்றுக் கலக்கலில் சர்க்கரை காணாமல் போய்விடுகிறது.

இதைக் கண்டுபிடித்தவர் யார்? 1904 உலகக் கண்காட்சிக் கதை உண்மையா?

கதை இதுதான்: 1904ஆம் ஆண்டு மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில், இந்தியத் தேயிலையை அமெரிக்கரிடம் பரப்புவதற்காக வந்திருந்த ரிச்சர்ட் ப்ளெச்சிண்டன் என்பவர் சூடான தேநீரை இலவசமாகக் கொடுத்துப் பார்த்தாராம். கோடை வெயிலில் யாரும் அதை ஏறிட்டுப் பார்க்கவில்லையாம். உடனே ஐஸைக் கொண்டு அதைக் குளிரவைத்துக் கொடுத்தாராம், கூட்டம் அலைமோதியதாம், ஐஸ் டீ பிறந்ததாம்.

ப்ளெச்சிண்டன் உண்மையான மனிதர், இந்தியத் தேயிலைத் தோட்ட முதலாளிகளின் சார்பில் அமெரிக்காவில் பணியாற்றியவர். அவர் ஐஸ் டீயைப் பலரறியச் செய்திருக்கலாம்; கண்டுபிடித்தார் என்பது பிழை. அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1890இல், அதே மிசூரி மாநிலத்தின் நெவாடா என்னும் ஊரில் உள்நாட்டுப் போரில் தெற்கின் தரப்பில் போரிட்ட முன்னாள் படைவீரர்கள் கூடியபோது, 2,200 காலன் காபியோடு 880 காலன் ஐஸ் டீயும் செலவானதாக உள்ளூர்ச் செய்தித்தாள் எழுதியிருக்கிறது. 880 காலன் என்றால் ஏறக்குறைய 3,300 லிட்டர். புதுமையாக ஒருவர் முயன்று பார்த்த பானத்தை யாரும் இவ்வளவு காய்ச்சமாட்டார்கள். வந்தவர்கள் கேட்பார்கள் என்று தெரிந்தே காய்ச்சியிருக்கிறார்கள்.

அச்சில் கிடைக்கும் தொடக்ககாலச் செய்முறைகளில் அடிக்கடி சுட்டப்படுவது, மரியன் கேபல் டைரி தொகுத்து 1879இல் வந்த வர்ஜினியாச் சமையல் நூலில் உள்ளது. காலையிலேயே ஒரு குவார்ட் கொதிநீரில், அதாவது ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான நீரில், இரண்டு தேக்கரண்டிப் பச்சைத் தேயிலையைப் போட்டு, பகல் உணவு நேரத்தில் கலக்காமல் வடிகட்டி, மாலை வரை தெளியவிட்டு, அடிமண்டி வராமல் இறுத்து, கோப்பைகளை ஐஸால் நிரப்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை போட்டு ஊற்றச் சொல்கிறது அது. எலுமிச்சை பிழிந்தால் துவர்ப்பு மட்டுப்படும் என்ற குறிப்பும் உண்டு.

இந்தச் செய்முறையை ஸ்வீட் டீயின் பிறப்புச் சான்றிதழ் போலப் பலரும் காட்டுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. தேயிலை பச்சை, சர்க்கரை சேர்வது கோப்பையில், சூடான சாற்றில் அல்ல. இன்றைய ஸ்வீட் டீயின் இரண்டு அடையாளங்களுமே அதில் இல்லை. பெரியம்மா முறை என்று வேண்டுமானால் சொல்லலாம், தாய் என்று சொல்ல முடியாது. சூடான தேநீரைச் சர்க்கரை மேல் ஊற்றுகிற வழக்கம் அதைவிடப் பழைய இன்னொரு நூலில் இருக்கிறது: 1839இல் வந்த கென்டக்கிச் சமையல் நூலில் லெட்டிஸ் பிரையன் தரும் டீ பஞ்ச். ஆனால் அதில் பாலேடும் ஒரு புட்டி ஒயினும் கலக்கச் சொல்கிறார். மாலை விருந்துக்கான பானம் அது.

வெயில் கொளுத்தும் ஊரில் அந்தக் காலத்தில் ஐஸ் எங்கிருந்து வந்தது?

இந்தப் பானத்தின் வரலாற்றில் தேயிலையையும் சர்க்கரையையும்விட முக்கியமான பொருள் ஐஸ்தான் என்பது என் கருத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாஸ்டன் நகரத்து வணிகரான ஃபிரெடரிக் டியூடர், அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியின் ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி வெப்ப நாடுகளுக்கு அனுப்பத் தொடங்கினார். 1806இல் முதல் சரக்கு கரீபியக் கடலிலுள்ள மார்ட்டினிக் தீவுக்குப் போனது. பிறகு சார்ல்ஸ்டன், சவானா, நியூ ஆர்லியன்ஸ் ஆகிய தெற்குத் துறைமுகங்களில் ஐஸ் கிடங்குகள் எழுந்தன. 1833இல் அவருடைய கப்பல் கல்கத்தாவுக்கே ஐஸ் கொண்டுபோய்ச் சேர்த்தது.

சென்னைக்காரர்கள் இங்கே நிமிர்ந்து உட்காரலாம். மெரினா கடற்கரை எதிரே நிற்கும் ஐஸ் ஹவுஸ் 1842இல் கட்டப்பட்டது இதே டியூடர் நிறுவனத்தின் பனிக்கட்டியைச் சேமிப்பதற்குத்தான். பிற்காலத்தில் 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கியதால் அது இன்று விவேகானந்தர் இல்லம். சவானாவில் ஒரு செல்வர் வீட்டுத் தம்ளரில் மிதந்த ஐஸும் சென்னையில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் தம்ளரில் மிதந்த ஐஸும் ஒரே வணிகரின் சரக்காக இருந்த காலம் அது.

செல்வர் வீட்டில் மட்டும் என்பதைக் கவனிக்க வேண்டும். கப்பலில் வந்த ஐஸ் எளியவர்களுக்கு எட்டாத பண்டம். 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டு வடக்கின் கடற்படை தெற்குத் துறைமுகங்களை மறித்தபோது, வடக்கு ஏரி ஐஸ் வருவது நின்றே போனது. அந்தத் தட்டுப்பாடே ஐஸ் செய்யும் இயந்திரங்கள் மீது தெற்கின் கவனத்தைத் திருப்பியது. ஃபிரான்சின் ஃபெர்டினாண்ட் கரே வடிவமைத்த இயந்திரங்கள் மறிப்பையும் மீறிக் கடத்தி வரப்பட்டன. அதற்கு முன்பே, 1851இல், ஃப்ளோரிடாவின் அப்பலாச்சிகோலா ஊர் மருத்துவர் ஜான் கோரி ஐஸ் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். காய்ச்சல் நோயாளிகளின் அறையைக் குளிர்விக்க வழி தேடியவர் அவர். அதை வணிகமாக்க முடியாமலே 1855இல் இறந்துபோனார். போருக்குப் பிறகு தெற்கு நகரங்களில் ஐஸ் ஆலைகள் பெருகின, இருபதாம் நூற்றாண்டில் வீட்டுக்கு வீடு குளிர்பெட்டி வந்தது. தினமும் குடிக்கும் பானமாக ஐஸ் டீ மாறியது அதன் பிறகுதான். ‘காலங்காலமாக’ என்று சொல்லப்படும் இந்த மரபின் வயது உண்மையில் அவ்வளவு அதிகம் இல்லை.

முதலில் பச்சைத் தேயிலை என்றால், கறுப்புத் தேயிலை எப்போது வந்தது?

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு அமெரிக்காவில் பச்சை, கறுப்பு, இரண்டுக்கும் இடைப்பட்ட ஊலாங் என மூன்று வகைத் தேயிலையும் புழக்கத்தில் இருந்தன. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த கறுப்புத் தேயிலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே விலை குறைந்து செல்வாக்குப் பெற்றுவந்தது. போர் வந்து சீன, ஜப்பானியத் தேயிலைக்கான வழி அடைபட்டதும், பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளின் கறுப்புத் தேயிலை மட்டுமே எஞ்சியது. போர் முடிந்தபோது மக்கள் நாக்கு அதற்குப் பழகியிருந்தது. 1928இல் அட்லாண்டாவைச் சேர்ந்த ஹென்ரியெட்டா டல் வெளியிட்ட தெற்குச் சமையல் நூலிலுள்ள ஐஸ் டீச் செய்முறை ஏற்கெனவே கறுப்புத் தேயிலையைத்தான் சொல்கிறது. பல குடும்பங்களுக்கு அதுவே அளவுகோலாக இருந்தது.

இதில் அடிமை முறையின் நிழல் உண்டா?

உண்டு. 1795இல் நியூ ஆர்லியன்ஸ் அருகே எத்தியென் த போரே தம் கரும்புத் தோட்டத்தில் சர்க்கரையை மணியாக உறையவைத்ததிலிருந்து லூயிசியானா பெரும் சர்க்கரை நாடாயிற்று. அந்த வயல்களிலும் கொப்பரைகளின் அருகிலும் உழைத்தவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். தெற்கு வீடுகளின் அடுப்படியில் நின்றவர்களும் அவர்களே. மேலே சொன்ன வர்ஜினியா நூல், 250 புகழ்பெற்ற இல்லத்தரசிகளின் பங்களிப்பு என்று தன்னைப் பெருமையோடு அறிமுகப்படுத்திக்கொள்கிறது. அவர்களுள் பலரது வீட்டில் உண்மையில் தேநீரை வடிகட்டிய கைகளுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ஸ்வீட் டீயை ‘தெற்கத்திய விருந்தோம்பல்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் இதைத் தாண்டித்தான் போகிறார்கள். இன்று கறுப்பினக் குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமை உணவிலும் வெள்ளையர் குடும்பங்களின் உணவிலும் ஒரே அளவுக்கு உரிமையோடு இருக்கும் பானம் இது.

ஏன் தெற்கில் மட்டும் இவ்வளவு வேரூன்றியது?

வெயில் ஒரு காரணம், ஆனால் அது மட்டும் போதாது, அரிசோனாவிலும் வெயில்தான். மதுவிலக்கு இன்னொரு காரணம், அது வலுவான காரணமும்கூட. நாடு முழுவதும் 1920 முதல் 1933 வரை இருந்த மதுவிலக்கு, தெற்கில் அதற்கு முன்பே வந்து, பல இடங்களில் அதற்குப் பின்பும் நீடித்தது. ஜார்ஜியா 1908இலேயே மாநில அளவில் மதுவைத் தடை செய்தது. மிசிசிப்பியில் 1966 வரை தடை இருந்தது. பாப்டிஸ்ட், மெதடிஸ்ட் திருச்சபைகளின் பிடி வலுவாக இருந்த ஊர்களில் விருந்து என்றால் மேசையில் வைக்க மது அல்லாத, ஆனால் விருந்துக்குரிய ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. ஐஸும் சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்ந்த தேநீர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. தேவாலய வளாகத்துப் பந்தி, துக்க வீட்டுக்கு அண்டை அயலார் கொண்டுவரும் சாப்பாடு, குடும்ப ஒன்றுகூடல் என எல்லாவற்றிலும் ஒரு காலன் கூஜாவில் அது இருக்கும். ‘தெற்கின் வீட்டு ஒயின்’ என்று அதைச் சொல்வது வேடிக்கைக்காகத்தான் என்றாலும், அதில் வரலாறும் இருக்கிறது.

சாப்பாட்டோடு பொருந்துவதும் ஒரு காரணம். பொரித்த கோழி, வினிகர் புளிப்பேறிய பார்பிக்யூப் பன்றி இறைச்சி, உப்புத் தொடை இறைச்சியோடு வேகவைத்த காலர்ட் கீரை என உப்பும் கொழுப்பும் புளிப்பும் மிகுந்த உணவு இது. தேநீரின் துவர்ப்பு வாயிலுள்ள எண்ணெய்ப் பசையை அறுக்கிறது, இனிப்பு காரத்தையும் புளிப்பையும் தணிக்கிறது.

ஸ்வீட் டீயின் எல்லை எங்கே தொடங்குகிறது?

வர்ஜினியா மாநிலத்தின் நடுவே எங்கோ ஒரு கோடு ஓடுவதாக இங்கே எல்லாரும் பேசிக்கொள்வார்கள். அதற்கு வடக்கே இனிப்பில்லாத டீ, தெற்கே இனிப்பு. மேற்கே டெக்சாஸில் இனிப்பில்லாததே பல இடங்களில் வழக்கம். 2008இல் மெக்டொனால்ட்ஸ் நாடு முழுவதும் ஸ்வீட் டீ விற்கத் தொடங்கிய பிறகு கோடு மங்கிவிட்டது. ஆனாலும் உள்ளூர்க் கடையில் கேட்கப்படும் முதல் கேள்வியைக் கொண்டே எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை இன்றும் கண்டுபிடித்துவிடலாம்.

வீட்டில் எப்படிச் செய்வது?

இங்கே அளவு எப்போதும் ஒரு காலன், அதாவது 3.8 லிட்டர், தம்ளர் கணக்கில் யாரும் செய்வதில்லை. ‘ஃபேமிலி சைஸ்’ என்று விற்கப்படும் பெரிய டீ பேக்குகள் மூன்று அல்லது நான்கு வேண்டும். நம் வீட்டு டீத்தூள் என்றால் 25 முதல் 30 கிராம் வரை போடலாம், ஆனால் பால் டீக்காக நுணுக்கிய டஸ்ட் தூளைவிடச் சற்றுப் பெரிய இலையாக இருப்பது நல்லது.

ஒரு லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்த பிறகு தேயிலையைப் போட்டு மூடுங்கள். பால் டீக்குச் செய்வது போல் தூளைப் போட்டுக் கொதிக்கவிடக் கூடாது. நம்மவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான், நானும் செய்திருக்கிறேன். பாலில் மறையும் கசப்பு இதில் மறைய இடமில்லை. ஐந்து நிமிடம் போதும், ஏழு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். டீ பேக்கை எடுக்கும்போது பிழியவும் கூடாது. பிழிந்தால் துவர்ப்பும் சேர்ந்து இறங்கிவிடும்.

இப்போது பாத்திரத்தில் இருப்பது செம்மண் நிறத்தில், பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனால் மூக்கில் ஏறும் அடர்ந்த டிகாஷன். இதில் ஒரு கப் சர்க்கரை, அதாவது 200 கிராம், போட்டுக் கலக்குங்கள். கரண்டி பாத்திரத்தின் அடியில் தட்டும்போது முதலில் கரகரவென்று கேட்கும்; அந்த ஓசை நின்றதும் சர்க்கரை கரைந்துவிட்டது என்று பொருள். பாட்டிமார் செய்முறைகளில் இரண்டு கப் வரை போவதுண்டு. பிறகு மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பச்சைத் தண்ணீரைச் சேர்த்து, வெளியே வைத்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகு குளிர்பெட்டியில் வையுங்கள். பரிமாறும்போது தம்ளரின் வாய் வரை ஐஸ் போடுங்கள். ஐஸ் உருகி நீர்க்கும் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் டிகாஷன் இவ்வளவு கெட்டியாக எடுக்கப்படுகிறது.

என் தேநீர் ஏன் கலங்கிப்போகிறது? சோடா உப்பு எதற்கு?

தேயிலையில் உள்ள காஃபீனும் துவர்ப்புக்குக் காரணமான பாலிஃபீனால்களும் சூட்டில் கரைந்தே இருக்கும். சட்டென்று குளிர்ந்தால் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு நுண்துகள்களாகப் பிரிந்து பால் கலந்தது போல் மங்கச் செய்யும். உடம்புக்குத் தீங்கில்லை, பார்க்கத்தான் நன்றாக இராது. மெல்ல ஆறவிட்டால் பெரும்பாலும் தவிர்க்கலாம். கலங்கிவிட்டால் கொஞ்சம் கொதிநீர் ஊற்றினால் தெளியும். உப்புத் தண்ணீர் வரும் ஊர்களில் வடிகட்டிய நீர் எடுப்பது நல்லது.

தெற்கு வீடுகளில் டிகாஷனில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடுவார்கள். காரத்தன்மையால் துவர்ப்பு மட்டுப்பட்டு, நிறம் கருத்து, தெளிவும் கூடும். சிட்டிகை என்றால் சிட்டிகைதான். கூடினால் சவர்க்கார நெடி வந்து முழுக் காலனையும் கொட்ட வேண்டியதுதான்.

எந்தத் தேயிலை நல்லது? நம் ஊர்த் தேயிலை ஆகுமா?

இங்கே கடைகளில் ஐஸ் டீக்கென்றே கலவை செய்த டீ பேக்குகள் விற்கும். நியூ ஆர்லியன்ஸில் ரெய்லி குடும்பம் தொடங்கிய லுசியான் அவற்றுள் பெயர்பெற்றது. அமெரிக்கா இறக்குமதி செய்யும் தேயிலையில் பெரும் பங்கு அர்ஜென்டினாவிலிருந்து வருகிறது, அதுவும் முக்கியமாக ஐஸ் டீக்காக. விலை குறைவு, நிறம் நன்று, குளிர்ந்தாலும் கலங்காது, மணம் மட்டும் சுமார்.

நம் ஊர்த் தேயிலை ஆகுமா என்றால், நீலகிரித் தேயிலை இதற்கென்றே பிறந்தது போல் பொருந்தும். குளிரவைத்தாலும் தெளிவாக நிற்கும் என்பதால் தேயிலை வணிகத்தில் அதற்கு ஐஸ் டீத் தேயிலை என்ற நற்பெயர் உண்டு. குன்னூர்ப் பக்கத்திலிருந்து வரும் உறவினர் பையில் இலைத் தேயிலை இருந்தால், அதைப் பால் டீயில் வீணடிக்காமல் ஒருமுறை இப்படிச் செய்து பாருங்கள். அசாம் தேயிலை நிறம் தரும், ஆனால் விரைவில் கலங்கும்.

தெற்கு மாநிலங்களில் தேயிலை விளைகிறதா?

சிறிய அளவில் விளைகிறது. தெற்கு கரோலினாவின் சம்மர்வில்லில் 1888இல் டாக்டர் சார்ல்ஸ் ஷெப்பர்ட் பைன்ஹர்ஸ்ட் என்ற தோட்டத்தைத் தொடங்கினார். அவர் இறந்தபின் பராமரிப்பின்றிக் கிடந்த செடிகள் 1963இல் சார்ல்ஸ்டனுக்கு அருகிலுள்ள வாட்மலா தீவுக்கு மாற்றி நடப்பட்டன. இன்று அங்கே இருப்பது சார்ல்ஸ்டன் டீ கார்டன். கடல் மட்டத்தில், சமதரையில், இயந்திரத்தால் கத்தரிக்கப்படும் தேயிலைத் தோட்டத்தைப் பார்க்கும்போது, வால்பாறைச் சரிவுகளைப் பார்த்த கண்ணுக்குச் சற்று விசித்திரமாகத்தான் இருக்கிறது. 1995இல் தெற்கு கரோலினா தன் மண்ணில் விளைந்த தேநீரை மாநிலத்தின் விருந்தோம்பல் பானமாக அறிவித்தது.

ஸ்வீட் டீ தராத கடைக்குத் தண்டனை என்று ஜார்ஜியாவில் சட்டம் உண்டா?

இல்லை. 2003இல் ஜார்ஜியா சட்டமன்றத்தில் ஜான் நோயல் என்ற உறுப்பினரும் வேறு சிலரும் ஏப்ரல் முதல் நாள் வேடிக்கையாக அப்படி ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார்கள். ஐஸ் டீ விற்கும் உணவகம் ஸ்வீட் டீயும் விற்றாக வேண்டும் என்றது அது. மசோதா ஸ்வீட் டீயை வரையறுத்த விதம்தான் எனக்குப் பிடித்தது: காய்ச்சும்போதே சர்க்கரை சேர்க்கப்பட்டதுதான் ஸ்வீட் டீ. வேடிக்கையிலும் அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

சர்க்கரை எவ்வளவு? தினமும் குடிக்கலாமா?

காலனுக்கு இரண்டு கப் போட்டால் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் வரும். இது கோலா பானங்களுக்கு நிகர். ஒரு பெரிய உணவகத் தம்ளரில் ஐஸ் போக 400 மில்லி இருந்தால்கூட 40 கிராம் சர்க்கரை. கூடுதலாகச் சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றுக்குப் பெண்களுக்கு 25 கிராம், ஆண்களுக்கு 36 கிராம் என்ற வரம்பை அமெரிக்க இதயச் சங்கம் பரிந்துரைக்கிறது. ஒரு தம்ளரிலேயே அது தாண்டிவிடும், அதன்பின் இலவசமாக நிரப்புவது வேறு. நீரிழிவு நம் குடும்பங்களில் இருக்கும் நிலையில், ‘டீதானே’ என்று நினைத்துக் குடிப்பது சரியில்லை. இதை இனிப்புப் பானமாகவே கணக்கிட வேண்டும்.

சர்க்கரை இல்லாவிட்டாலும் அளவு தேவை. கறுப்புத் தேயிலையில், மிகுந்தால் சிறுநீரகத்தில் படியக்கூடிய ஆக்சலேட் என்ற பொருள் உண்டு. அர்கான்சாஸைச் சேர்ந்த 56 வயது மனிதர் ஒருவர் நாளொன்றுக்கு எட்டு அவுன்ஸ் தம்ளரில் பதினாறு தம்ளர் ஐஸ் டீ குடித்துவந்து சிறுநீரகம் செயலிழந்த நிகழ்வை 2015இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அரிதான நிகழ்வு அது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

குறைந்த இனிப்போடு எப்படிக் கேட்பது?

‘ஹாஃப் அண்ட் ஹாஃப்’ என்றால் ஸ்வீட்டும் அன்ஸ்வீட்டும் பாதிக்குப் பாதி, புரிந்துகொள்வார்கள். சில கடைகளில் இதே சொல்லுக்குத் தேநீரும் லெமனேடு என்னும் இனிப்பு எலுமிச்சைப் பானமும் சரிபாதி என்று பொருள். கோல்ஃப் வீரர் ஆர்னால்ட் பால்மர் பெயரால் வழங்கும் பானம் அது. ‘ஸ்வீட் பாதி, அன்ஸ்வீட் பாதி’ என்று விரித்தே சொல்லிவிட்டால் குழப்பம் இல்லை.

வெயிலில் வைத்துத் தயாரிக்கும் ‘சன் டீ’ பாதுகாப்பானதா?

கண்ணாடிச் சாடியில் தண்ணீரும் டீ பேக்கும் போட்டு முற்றத்தில் வெயிலில் மணிக்கணக்கில் வைக்கும் வழக்கம் இங்கே உண்டு. வெயிலில் நீர் 55 டிகிரி செல்சியஸ் அளவைத் தாண்டுவது அரிது. கிருமிகள் சாக அது போதாது, வளர்வதற்கோ இதமான சூடு. கொதிநீரிலேயே செய்யுங்கள். அடுப்பு வெக்கை வேண்டாம் என்றால் குளிர்பெட்டிக்குள் இரவு முழுவதும் குளிர்நீரில் ஊறவைக்கலாம். அப்படிச் செய்வது கசக்காது, கலங்கவும் செய்யாது. இனிப்புக்கு மட்டும் தனியே சர்க்கரைப் பாகு காய்ச்சிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மீந்ததை எத்தனை நாள் வைக்கலாம்?

குளிர்பெட்டியில் மூடி வைத்தால் இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் மணம் இறங்கிவிடும். ஊற்றும்போது இழை இழையாகவோ கொழகொழப்பாகவோ இருந்தால் சுவைத்துப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். கூஜாவையும், குழாய் வைத்த பாத்திரமானால் அந்தக் குழாயின் உட்புறத்தையும், ஒவ்வொரு முறையும் வெந்நீர் விட்டுக் கழுவ வேண்டும்; சர்க்கரை தங்குவது அங்கேதான்.